ஈத்தம்பழப் புடிங்கும் ராத்தாவின் கைப்பக்குவமும்



மார்க்கச் சட்டம் பற்றியோ பிள்ளை வளர்ப்புப் பற்றியோ எழுத வேண்டிய ஒரு மௌலவி ஆசிரியர், புடிங் செய்வதைப் பற்றி எழுத வந்துவிட்டாரே என்று நீங்கள் புன்னகைப்பது எனக்குத் தெரிகிறது. பொறுமையாக இறுதிவரை வாசியுங்கள். இதில் சமையலும் இருக்கிறது. சமையலைவிடக் கனமான ஒரு விடயமும் இருக்கிறது.

ரமழான் முடிந்ததும் நமது வீடுகளில் ஒரு காட்சியைக் காணலாம். பள்ளிவாசலில் பகிர்ந்தது, உறவினர் அனுப்பியது, கடையில் வாங்கியது என்று சேர்ந்த பேரீத்தம்பழத்தில் ஒரு பங்கு போத்தலின் அடியில் கிடக்கும். நோன்பு காலத்தில் ஒரு பழத்துக்குக் கை நீட்டிய பிள்ளைகள், பெருநாள் கழிந்தபின் அதைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். பழம் காய்ந்து, சீனி பூத்து, கடைசியில் எறும்புக்கு இரையாகும். வீண்விரயத்தை மார்க்கம் எவ்வளவு கண்டிக்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் காய்ந்த பழத்தைக் கொண்டு செய்யக்கூடிய அருமையான பண்டம் ஒன்று உண்டு. ஆங்கிலேயர் அதை ‘ஸ்டிக்கி டொபி புடிங்’ என்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஈத்தம்பழப் புடிங் என்று பெயர்.

பேரீத்தம்பழத்தைக் கொதிநீரில் ஊறவைத்துக் குழைத்து, மாவும் முட்டையும் பட்டரும் சேர்த்து வேகவைத்த மிருதுவான கேக். அதன்மேல் சுடச்சுட ஊற்றும் டொபிப் பாணி. இவ்வளவுதான். பாணி கேக்கினுள் இறங்கிப் பிசுபிசுவென்று ஒட்டுவதால் அந்தப் பெயர்.

யாருடைய புடிங்?

இந்தப் புடிங் உலகப் புகழ் பெற்றது இங்கிலாந்தின் வடமேற்கே உள்ள ஏரிகள் மாவட்டத்தில். அங்கே உல்ஸ்வாட்டர் என்னும் ஏரியின் கரையில் பிரான்சிஸ் கோல்சன் என்பவர் 1948இல் ‘ஷாரோ பே’ என்ற ஹோட்டலைத் தொடங்கினார். 1970களில் அங்கு பரிமாறப்பட்ட இந்தப் புடிங்கைத் தின்பதற்கென்றே தூர இடங்களிலிருந்து மக்கள் வந்தார்கள். அந்த ஹோட்டல் 2020இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் புடிங் மூடப்படவில்லை. கார்ட்மெல் என்ற சிற்றூரின் பெயரைத் தாங்கிய புடிங், இன்று பெட்டியில் அடைக்கப்பட்டுக் கடை கடையாக விற்பனையாகிறது.

சரி, கோல்சனுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்? இங்குதான் கதை சுவையாகிறது. லங்காஷயரில் ஹோட்டல் நடத்திய பற்றீசியா மார்ட்டின் என்ற பெண்மணியிடமிருந்து அவர் அதைப் பெற்றதாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பெண்மணிக்கோ, இரண்டாம் உலகப் போரின்போது அவருடைய ஹோட்டலில் தங்கியிருந்த கனேடிய விமானப் படை அதிகாரிகள் இருவர் சொல்லிக் கொடுத்தார்களாம். இன்னொரு புறம், ஸ்கொட்லாந்திலும் யோர்க்ஷயரிலும் உள்ள சில விடுதிகள், “முதலில் செய்தவர்கள் நாங்களே” என்று உரிமை கொண்டாடுகின்றன.

கனேடிய விமானப் படை என்றதும் திருகோணமலைக்காரனாகிய எனக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. அதே போரில், 1942 ஏப்ரல் 4ஆம் திகதி, ஜப்பானியக் கடற்படை நமது தீவை நோக்கி வருவதை முதலில் கண்டு தகவல் அனுப்பியவர் லெனார்ட் பேர்ச்சல் என்ற கனேடிய விமானிதான். மறுநாள் கொழும்பிலும், 9ஆம் திகதி திருகோணமலையிலும் சீனன்குடாவிலும் குண்டு விழுந்தது. திருகோணமலைத் துறைமுகம் 1957 வரை பிரித்தானியரின் கடற்படைத் தளமாக இருந்தது. சீனன்குடா முகாமில் கூலி வேலை பார்த்த என் மூத்தவாப்பா, ஆவியில் வேகவைத்த எந்த இனிப்பையும் “புடிங்” என்றே சொல்வார். வட்டிலப்பத்தைக்கூட அப்படித்தான் சொல்வார். மூத்தம்மாவுக்கு அதில் கோபம் வரும்.

இப்போது இந்தப் புடிங்கிற்குள் இருப்பவற்றை எண்ணிப் பாருங்கள். இங்கிலாந்தின் குளிரில் பேரீத்த மரம் காய்ப்பதில்லை. பழம் அரபு நாடுகளிலிருந்து கப்பலேறிப் போனது. அந்தக் கரிய சீனியைத் தரும் கரும்பும் அங்கே விளைவதில்லை. அது வெப்ப நாடுகளின் பயிர். செய்முறை கனடாவிலிருந்து வந்ததாகக் கதை. அவர்களுடையது என்று சொல்ல மிஞ்சுவது பட்டரும், மாவும், முட்டையும், செய்த கையும்தான்.

நமது வட்டிலப்பத்தின் கதையும் இதற்குத் தூரமானதல்ல. அது ஒல்லாந்தர் காலத்தில் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து இலங்கைக்கு வந்த மலாய் மக்கள் கொண்டுவந்த பண்டம் என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. இன்று வட்டிலப்பம் இல்லாத பெருநாள் இலங்கை முஸ்லிம்களுக்குப் பெருநாளாகத் தெரிவதில்லை. எங்கோ பிறந்த பண்டம், எந்த வீட்டில் அன்போடு செய்யப்படுகிறதோ அந்த வீட்டுப் பண்டமாகிவிடுகிறது.

மார்க்கத்தின் கண்ணில்

ஒருமுறை வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, “மௌலவி ஸேர், புடிங் வெள்ளைக்காரர்ர சாப்பாடுதானே, நாங்க தின்னலாமா?” என்று கேட்டாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி. உணவுப் பொருட்களில் அடிப்படை அனுமதியே. தடுக்கப்பட்ட ஒன்று அதில் கலந்திருந்தால்தான் தடை. இது நமது சட்டக்கலை அறிஞர்கள் வகுத்த விதி. செய்தவர் எந்த நாட்டவர் என்பதைக் கொண்டு ஒரு பண்டம் ஹராமாகிவிடாது. அதற்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அவளுக்கு நான் இன்னொன்றும் சொன்னேன். பேரீத்தம்பழத்தையும் நெய்யையும் சேர்த்துப் பிசைவது அரபு மக்களின் பழைய வழக்கம். அதற்கு ‘ஹைஸ்’ என்று பெயர். பேரீத்தம்பழம், நெய், காய்ந்த தயிர்க்கட்டி ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. தயிர்க்கட்டி இல்லாதபோது மாவு சேர்ப்பார்கள். கைபர் போரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஸபிய்யா (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் மணமுடித்தபோது, வலீமா விருந்தாக வைக்கப்பட்டது இந்த ஹைஸ்தான் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அந்த வலீமாவில் ஆடு அறுக்கவில்லை. ஒரு விரிப்பை விரித்து, தோழர்கள் ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவந்ததைச் சேர்த்துப் பிசைந்தார்கள். கையில் இருப்பதைக் கொண்டு விருந்தை நிறைவாக்கும் அந்தப் பண்பை நாம் கற்றுக்கொண்டால், எத்தனை குமர்ப் பிள்ளைகளின் திருமணம் கடனில்லாமல் நடக்கும்!

கவனிக்க வேண்டியவை மூன்று உண்டு. முதலாவது, பழங்கால ஆங்கிலப் புடிங்குகள் பலவற்றில் மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பைச் சேர்ப்பார்கள். அறுக்கப்பட்ட முறை தெரியாத கொழுப்பு நமக்கு ஆகாது. இந்தப் புடிங்கில் அந்த வழக்கம் இல்லை, பட்டர்தான். இரண்டாவது, கிறிஸ்மஸ் புடிங்கில் பிராந்தி சேர்ப்பதைப்போல், சில ஹோட்டல்களில் இதன் பாணியில் ரம் ஊற்றுவதுண்டு. வெளியில் சாப்பிடுவோர் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும். மூன்றாவது, வனிலா. வனிலாக் காயை மதுசாரத்தில் ஊறவைத்து எடுக்கும் அசல் சாற்றில் நூற்றுக்கு 35 பங்கு அளவுக்குக்கூட மதுசாரம் இருக்கும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் எசன்ஸ் வேறு வகை. போத்தலின் பின்புறத்தை வாசியுங்கள். சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஏலக்காயும் சாதிக்காயும் இருக்கும் வீட்டில் வனிலா இல்லாதது ஒரு குறையே அல்ல.

வீட்டில் செய்வதன் பெரிய நன்மை இதுதான். என்ன போட்டோம் என்பது போட்ட கைக்குத் தெரியும்.

கசட்டில் வந்த செய்முறை

சகோதரிகளே, இந்தப் புடிங் எங்கள் வீட்டுக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. என் ராத்தா மூலம் வந்தது.

மச்சான் நோயில் மௌத்தாகியபோது ராத்தாவுக்கு இருபத்தெட்டு வயது. மகளுக்கு நான்கு வயது. எங்களிடம் இருந்த வயல் குத்தகை வயல். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வந்தால் விளைச்சல், வராவிட்டால் கடன். யுத்த காலம் வேறு. 1999இல் ராத்தா அபுதாபிக்குப் பணிப்பெண்ணாகப் போனார். அங்கே ஓர் ஆங்கிலேயப் பொறியியலாளரின் வீடு. இரண்டு பிள்ளைகள். அந்த வீட்டுப் பெண்மணி தன் தாயிடம் கற்ற பண்டம் என்று இந்தப் புடிங்கை ராத்தாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் அந்தப் பிள்ளைகளுக்கு ராத்தாதான் அதைச் செய்து கொடுப்பார்.

அப்போதெல்லாம் வளைகுடாவிலிருந்து கடிதத்தோடு கசட்டும் வரும். எழுத நேரம் இல்லாதவர்கள், இரவில் எல்லோரும் உறங்கியபின் மெதுவான குரலில் பேசிப் பதிவுசெய்து, ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். நான் அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருந்த காலம். ரமழான் விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒரு கசட் வந்தது. உம்மா, மருமகள், நான் மூவரும் வானொலிப் பெட்டியைச் சுற்றி இருந்து கேட்டோம். சுகம் விசாரித்தபின் ராத்தா மகளோடு பேசினார்: “மகள், இண்டைக்கு ஈத்தம்பழத்தில புடிங் ஒண்டு செஞ்ச. நீ இருந்தா சட்டிய வழிச்சித் தின்னுவாய். உம்மா வந்து உனக்குச் செஞ்சி தருவன்.” பிறகு எப்படிச் செய்வது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எவ்வளவு பழம், எவ்வளவு தண்ணீர், சோடா எப்போது போடுவது என்றெல்லாம் நான்கு வயதுப் பிள்ளைக்கு எதற்குச் சொன்னார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. மகளோடு பேசிக்கொண்டிருக்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளத்தான் என்பது இன்று நான் தகப்பனான பிறகு விளங்குகிறது.

இடையில் ஒரு முறை லீவில் வந்து போனதைத் தவிர, எட்டு வருடங்கள் ராத்தா அங்கேயே இருந்தார். 2007இல் ஒரேயடியாக வந்தபோது மருமகளுக்குப் பன்னிரண்டு வயது. வந்த இரண்டாம் வாரமே ராத்தா திருகோணமலை டவுனுக்குப் போய், பட்டரும் கிறீமும் வாங்கிவந்து, வாக்குக் கொடுத்த புடிங்கைச் செய்தார். அங்கே செய்ததைப் போலவே செய்தார். வாசனை வீதி வரைக்கும் போனது. தட்டில் வைத்து மகளிடம் நீட்டினார்.

பிள்ளை வாங்கவில்லை. “அது அந்தப் பிள்ளைகள்ற புடிங். எனக்கு வேணாம்” என்றாள்.

ராத்தா ஒன்றும் பேசவில்லை. தட்டைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்தார். நாங்கள் யாரும் அன்று அதைத் தொடவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் போனது.

சகோதரிகளே, நமது கிழக்கு மாகாணத்தில் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு கதை உண்டு. கல்வீடு கட்டியவர்கள் இவர்கள். தம்பிமாரைப் படிக்கவைத்தவர்கள், தங்கைமாரைக் கரை சேர்த்தவர்கள் இவர்கள். நான் மௌலவிப் பட்டம் பெறும்வரை என் செலவில் பெரும்பங்கு அபுதாபியிலிருந்துதான் வந்தது. ஆனால் ஊரில் இவர்களைப் பற்றிப் பேசும் பேச்சில் நன்றியைவிடச் சந்தேகம்தான் அதிகம். “வெளிநாடு போய் வந்தவள்” என்ற சொல்லை எப்படி இழுத்துச் சொல்வார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். வெளியார் சொல்லைத் தாங்கிக்கொள்ளலாம். தன் வயிற்றில் பிறந்த பிள்ளை சொல்லும் ஒரு சொல்லைத் தாங்குவது எப்படி?

அடுத்த ரமழான் வந்தது. நோன்பு இருபதைத் தாண்டிய ஒரு நாள், உம்மா ஈத்தம்பழம் நிறைந்த தட்டை மருமகளின் முன்னால் வைத்துக் கொட்டை எடுக்கச் சொன்னார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை, எடுத்தாள். அந்த முறை கிறீம் வாங்கப் பணம் இல்லை. ராத்தா தேங்காய் துருவித் தலைப்பால் பிழிந்தார். கரிய சீனிக்குப் பதிலாகக் கித்துள் கருப்பட்டி. வீட்டில் அவண் இல்லாததால், வட்டிலப்பம் அவிக்கும் அதே கிண்ணத்தில் மாவை ஊற்றி ஆவியில் வேகவைத்தார். விறகு அடுப்பில் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் கொதித்து வந்த வாசனை அபுதாபியின் வாசனை அல்ல. எங்கள் வீட்டுப் பெருநாள் வாசனை.

நோன்பு திறந்தபின் மருமகள் தானாகவே கிண்ணத்தின் பக்கம் வந்தாள். “இது என்னம்மா?” என்றாள். “நீ கொட்டை எடுத்த பழம்தான்” என்றார் ராத்தா. ஒரு துண்டு தின்றாள். பிறகு சட்டியில் ஒட்டியிருந்த பாணியை விரலால் வழித்துத் தின்றாள். ராத்தா எழுந்து தொழப் போய்விட்டார். ஸுஜூதில் வெகுநேரம் இருந்தார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது உண்மையாகாது. எட்டு வருட இடைவெளி ஒரு கிண்ணம் புடிங்கில் நிரம்பாது. ஆனால் இருவரும் சேர்ந்து செய்ய ஒரு வேலை கிடைத்தது. வேலை செய்யும்போது பேச்சு வரும். பேச்சு வந்தால் மனம் வரும்.

செய்முறை

ராத்தாவின் அளவை அப்படியே தருகிறேன். எட்டுப் பேருக்குப் போதும்.

புடிங்கிற்கு:
கொட்டை நீக்கிய பேரீத்தம்பழம் – 200 கிராம்
கொதிநீர் – 200 மில்லி லீற்றர்
அப்பச்சோடா – மட்டமாக 1 தேக்கரண்டி
பட்டர் – 75 கிராம்
தூளாக்கிய கருப்பட்டி அல்லது சிவப்புச் சீனி – 125 கிராம்
முட்டை – 2
கோதுமை மா – 175 கிராம்
பேக்கிங் பவுடர் – 1 தேக்கரண்டி
ஏலக்காய் – 4, சாதிக்காய்த் தூள் சிறிது, உப்பு ஒரு சிட்டிகை

பாணிக்கு:
கித்துள் கருப்பட்டி – 200 கிராம்
கட்டியான தலைப்பால் – 250 மில்லி லீற்றர்
பட்டர் – 50 கிராம்
உப்பு – ஒரு சிட்டிகை

பழத்தைப் பொடியாக நறுக்கி, அதன்மேல் அப்பச்சோடாவைத் தூவிக் கொதிநீரை ஊற்றுங்கள். நுரைத்து எழும், பயப்பட வேண்டாம். இருபது நிமிடம் மூடி வையுங்கள். இந்தச் சோடாதான் இரகசியம். காரத்தன்மை பழத்தின் தோலைக் கரைத்து மெதுவாக்கும். புடிங்கிற்கு அந்தக் கரும்பழுப்பு நிறம் வரவும் அதுவே துணை. போத்தலின் அடியில் காய்ந்துபோன பழமும் இதில் குழைந்துவிடும். ஆறியபின் கரண்டியால் மசியுங்கள். முற்றாக அரைக்க வேண்டாம். இடையிடையே பழம் தட்டுப்பட்டால்தான் ருசி.

பட்டரையும் கருப்பட்டித் தூளையும் நன்றாக அடித்து, முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடியுங்கள். கோதுமை மாவையும் பேக்கிங் பவுடரையும் உப்பையும் சேர்த்து அரித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொள்ளுங்கள். கடைசியில் பழக் கூழையும் ஏலம், சாதிக்காயையும் சேர்த்து மெதுவாகக் கிளறுங்கள். மா சேர்ந்தபின் அதிகம் அடித்தால் புடிங் இறுகிவிடும்.

பட்டர் பூசிய கிண்ணத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு ஊற்றுங்கள். மேலெழும்ப இடம் வேண்டும். எண்ணெய் தடவிய கடதாசியால் தளர்வாக மூடி நூலால் கட்டுங்கள். இல்லாவிட்டால் மூடியில் திரளும் நீர் சொட்டிப் புடிங் ஊறிவிடும். ஆவிச் சட்டியில் ஒன்றேகால் மணி நேரம் அவியுங்கள். சிறு கோப்பைகளில் ஊற்றினால் அரை மணி நேரத்தில் வெந்துவிடும். அடியில் உள்ள தண்ணீர் வற்றினால் கொதிநீரையே ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி அடங்கிப் புடிங் அமுங்கிவிடும். ஈர்க்கினால் குத்திப் பாருங்கள். மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. அவண் உள்ளவர்கள் 180 பாகை சூட்டில், அகலமான தட்டில் ஊற்றி 35 நிமிடம் வேகவைக்கலாம்.

பாணிக்கு, கருப்பட்டியை உடைத்துப் பாதித் தலைப்பாலில் கரைத்து வடிகட்டுங்கள். கருப்பட்டியில் மண்ணும் தும்பும் இருக்கும் என்பது வட்டிலப்பம் செய்யும் உங்களுக்குத் தெரியாததல்ல. சீனி கலந்த கருப்பட்டியும் சந்தையில் உண்டு, பார்த்து வாங்குங்கள். வடித்ததை மெல்லிய நெருப்பில் வைத்து, மிகுதிப் பாலையும் பட்டரையும் உப்பையும் சேர்த்து, கை விடாமல் கிளறிக் காய்ச்சுங்கள். கரண்டியின் பின்புறத்தில் படிந்து நிற்கும் பதத்தில் இறக்குங்கள். ஆறும்போது இன்னும் கட்டிப்படும். உப்பை மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் இனிப்பு திகட்டும்.

புடிங் சூடாக இருக்கும்போதே ஈர்க்கினால் பல இடங்களில் குத்தி, பாதிப் பாணியை ஊற்றி ஊற விடுங்கள். மிகுதியைப் பரிமாறும்போது ஊற்றுங்கள். ஆங்கிலேயர் இதோடு குளிர்ந்த கிறீமோ ஐஸ்கிறீமோ வைப்பார்கள். எங்கள் தம்பலகாமத்துப் பக்கத்தில் முட்டியில் உறைந்த எருமைத் தயிர் இருக்கிறது. சூடான இனிப்புப் புடிங்கின் பக்கத்தில் ஒரு கரண்டி புளிப்பில்லாத எருமைத் தயிரை வைத்துப் பாருங்கள். உல்ஸ்வாட்டர் ஏரிக்கரைக்காரருக்கு அந்தப் பாக்கியம் கிடைத்திருக்காது.

கருப்பட்டி விலை கூடிய காலத்தில் சிவப்புச் சீனி போதும். கரும்பு எங்களுக்கு அந்நியமான பயிர் அல்ல. 1993இல் மூடப்படும்வரை கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலைக்குக் கரும்பு ஏற்றிச் சென்ற வண்டிகளைச் சிறுவயதில் பார்த்தவர்கள் நாங்கள். பட்டரும் வாங்க முடியாவிட்டால், புடிங்கில் 60 மில்லி லீற்றர் தேங்காய் எண்ணெய் சேருங்கள். 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் தவித்தபோது, காஸ் சிலிண்டருக்கு வரிசை, நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு, பட்டரைக் கண்ணால் பார்க்க முடியாத நிலை. அந்த வருடப் பெருநாளுக்கும் எங்கள் வீட்டில் விறகு அடுப்பில், தேங்காய் எண்ணெயில் இந்தப் புடிங் அவிந்தது. அவித்தவள் என் மருமகள். இடுப்பில் அவளுடைய குழந்தை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். காய்ந்த பேரீத்தம்பழத்தின் எடையில் பாதிக்கு மேல் இயற்கையான சர்க்கரைதான். அதோடு கருப்பட்டியும் சேர்கிறது. கருப்பட்டி நல்லது என்று நினைத்து நீரிழிவு நோயாளிகள் வயிறு நிறையத் தின்னக் கூடாது. பெருநாளில் ஒரு சிறு துண்டு போதும். வாப்பாமாருக்கும் உம்மாமாருக்கும் அன்பு காட்டுவதென்பது, இன்னொரு துண்டை வற்புறுத்தித் திணிப்பதல்ல.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை

இந்தப் பக்கத்தை உங்கள் கணவரிடமும் ஆண் மக்களிடமும் வாசிக்கக் கொடுங்கள். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஒத்தாசையாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்று கூறியதை நாம் மேடைகளில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். மேடையில் பேசுவதைவிடக் குசினியில் ஒரு தட்டுப் பழத்துக்குக் கொட்டை எடுத்துக் கொடுப்பது கடினமான காரியமல்ல. தேங்காய் துருவுவதும், விறகு தள்ளுவதும், சட்டி கழுவுவதும் ஓர் ஆணின் கண்ணியத்தைக் குறைப்பதில்லை. எங்கள் வீட்டில் புடிங் அவியும் நாளில் நெருப்புப் பார்ப்பது என் பொறுப்பு.

இன்னொன்று. உங்கள் வீட்டிலோ அயலிலோ வெளிநாட்டில் உழைத்துவிட்டு வந்த ஒரு தாய் இருப்பார். ராத்தா, சாச்சி, மாமி என்று யாராவது ஒருவர் இருப்பார். அவர் கொண்டுவந்த பணத்தை நாம் எண்ணினோம். கொண்டுவந்த பெட்டியைத் திறந்து பார்த்தோம். அவர் கற்றுக்கொண்டு வந்ததை யாராவது கேட்டோமா? வேறொரு மொழி, வேறொரு சமையல், நோயாளியைப் பராமரிக்கும் முறை, குழந்தையைத் தூங்கவைக்கும் பக்குவம் என்று எத்தனையோ கைவேலைகள் அவர்களிடம் உண்டு. “அங்க என்ன சமைச்சீங்க, எங்களுக்கும் சொல்லித் தாங்களேன்” என்று ஒரு நாள் அருகே அமர்ந்து கேளுங்கள். அந்த முகம் மலர்வதைப் பாருங்கள். தங்கள் பிள்ளைகளுக்குச் செய்து கொடுக்க முடியாமல் பிறர் பிள்ளைகளுக்குச் செய்த ஒவ்வொரு கவளமும் அவர்கள் மனதில் கணக்காகக் கிடக்கிறது. அந்தக் கணக்கை இறக்கி வைக்க நமது குசினியில் ஓர் இடம் கொடுப்போம்.

இந்தப் பெருநாள் கழிந்ததும் போத்தலின் அடியில் மிஞ்சும் பேரீத்தம்பழத்தை எறும்புக்கு விடாதீர்கள். ஒரு கிண்ணம் அவித்து, பாதியை அயல் வீட்டுக்கு அனுப்புங்கள். அயலவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் சரி, சூடு ஆறுமுன் போய்ச் சேரட்டும். அல்லாஹ் நமது வீடுகளில் பரக்கத்தையும், பிரிந்திருந்த மனங்களில் நெருக்கத்தையும் தருவானாக. ஆமீன்.